கத்தரிக்கப்பட்ட கட்டம்

நஸீஹாவை வேலையிலிருந்து நீக்கிய உத்தரவை ஆஸ்பத்திரியின் அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார்கள். காரணத்தையும் மறைக்கவில்லை. நோயாளியின் ரகசியத்தை வெளியே விட்டவள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். துனிசியாவில் ஸ்ஃபாக்ஸ் பெரிய ஊர்தான்; ஆனால் பழி பரவும்போது எந்த ஊரும் ஒரே சந்தாகிவிடும். அன்று சாயங்காலமே ரொட்டிக் கடைக்காரன் அவளிடம் பேசாமல் ரொட்டியைத் தள்ளினான்.

2007 மார்ச் மாதம் அது. அவளுக்கு இருபத்தொன்பது வயது. அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் ஏழு வருடமாக நோயாளிகளின் கோப்புகளைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. ஷெத்லி என்றொரு கைப்பந்துப் பயிற்சியாளர் அங்கே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருந்தார். ஈரலில் தொற்று என்று முடிவு வந்தது. அந்த முடிவின் நகல் ஒரு வாரத்தில் அவருடைய கிளப்பின் மேசையில் கிடந்தது. அடுத்த வாரம் ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் வந்தது. பையன்களைப் பெற்றவர்கள் கூச்சல் போட்டார்கள். கிளப் அவரை அனுப்பிவிட்டது.

விசாரணை கால் மணி நேரம்கூட நடக்கவில்லை. பெரிய டாக்டரின் அறையில் கணினிப் பொறுப்பாளன் ரவூஃப் ஒரு காகிதத்தை விரித்தான்.

"பாருங்க டாக்டர். மார்ச் ஒம்பது. மத்தியானம் ஒண்ணு பத்து. ஷெத்லியோட ஃபைல். தொறந்தது நஸீஹா. பிரிண்ட் எடுத்ததும் நஸீஹா."

"ஒண்ணு பத்துக்கு நான் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தேன் டாக்டர்."

"கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது நஸீஹா," என்றான் ரவூஃப், வருத்தப்படுகிறவன் போல. "மனுஷங்களுக்குத்தான் தெரியும்."

காகிதத்தில் நாள், நேரம், கோப்பு, பெயர் என்று நான்கு கட்டங்கள். நான்காவதில் அவள் பெயர். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவ்வளவுதான் தீர்ப்பு. வெளியே வரும்போது அந்தக் காகிதத்தின் நகல் ஒன்றை நஸீஹா கேட்டு வாங்கிக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

யார் செய்தது என்பதில் அவளுக்கு ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை. ரவூஃபின் தம்பியை ஷெத்லி அணியிலிருந்து நீக்கியிருந்தார். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்ததும் ரவூஃப்தான். தெரிந்து என்ன பயன்? கணினி சாட்சி சொன்னபிறகு ஒரு குமாஸ்தா பெண்ணின் வாய்க்கு என்ன மதிப்பு?

அந்த வருட நோன்புப் பெருநாளன்று வீட்டில் உப்பு மீனும் ஷர்மூலாத் தொக்கும் பரிமாறிக்கொண்டிருந்தபோது, நிச்சயம் செய்திருந்த தௌஃபீக்கின் அத்தை வந்தாள். பெருநாள் சீர் கொண்டுவர வேண்டியவள் வெறுங்கையோடு வந்து, மோதிரத்தைத் திருப்பிக் கேட்டாள். "எங்க பையன் ஊரில தலைநிமிந்து நடக்கணும்ல, மா," என்றாள். நஸீஹா மோதிரத்தைக் கழற்றினாள். விரலில் திராட்சையும் வெங்காயமும் ஒட்டிய எண்ணெய் இருந்ததால் சுலபமாக வந்துவிட்டது. அத்தை போனதும் சாப்பாட்டை முடித்தாள். அழவில்லை. அழுதால் உள்ளே இருக்கிற சூடு தணிந்துவிடும் என்று பயந்தாள்.

அன்றைக்கு அவள் மனதில் ஒன்று குடியேறியது. எந்தக் கணினியைக் காட்டி அவன் பேசினானோ, அதே கணினியை அவன் மூஞ்சிக்கு எதிரே பேச வைக்க வேண்டும்.

பிழைப்புக்கு அவளும் அம்மாவும் வியாபாரிகளிடம் பாதாம் வாங்கி வந்து ஓடு உடைத்துக் கொடுத்தார்கள். காலையில் இரண்டு மணி நேரம் சுத்தியலை வைத்துவிட்டு, பஷீர் நடத்திய பப்ளிநெட் கடைக்குப் போவாள். மணிக்கணக்கில் காசு கொடுத்து இன்டர்நெட் பார்க்கிற கடை அது. முதல் நாளே பஷீர் கேட்டான்:

"என்ன அக்கா, ஃபிரான்சில இருக்கிற சொந்தக்காரங்களுக்கு மெயிலா?"

"இல்ல. ஹேக்கிங் கத்துக்கணும்."

பஷீர் சிரித்தே விட்டான். "இங்க வர்ற பயலுக எல்லாம் காதலியோட மெயிலைத் தொறக்கத்தான் கேப்பானுங்க. நீங்க யாரோடதைத் தொறக்கப் போறீங்க?"

"நான் தொறக்க வேணாம். தொறந்தவனைப் பிடிக்கணும்."

முதல் மாதத்திலேயே மண்ணைக் கவ்வினாள். ஒரு இணைய மன்றத்தில் தேள் என்ற பெயரில் எழுதிக்கொண்டிருந்த ஒருவன், ஐந்து நிமிடத்தில் யாருடைய பாஸ்வேர்டையும் எடுத்துத் தரும் கருவி என்று ஒன்றை இலவசமாக வைத்திருந்தான். இறக்கி ஓடவிட்டாள். அது அவளுடைய பாஸ்வேர்டையே எடுத்துக்கொண்டு போய், அவள் விலாசப் புத்தகத்தில் இருந்த நாற்பது பேருக்கும் ஆபாசக் கடிதம் அனுப்பியது. பள்ளிவாசல் இமாமின் மனைவிக்கும் ஒன்று போயிற்று.

பஷீர் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, தூண்டில்காரன் கடைக்கே போய்ப் புழு வாங்கித் தின்னுட்டு வந்திருக்கீங்க!"

"சிரிச்சு முடி. முடிச்சிட்டு, இது எப்படி நடந்துச்சுன்னு சொல்லு."

பஷீருக்கும் தெரியவில்லை. அவமானத்தில் காது சிவக்க உட்கார்ந்திருந்த நஸீஹாவுக்கு ஒன்று மட்டும் விளங்கியது: எப்படி உடைப்பது என்று கேட்டுக்கொண்டு வருகிறவனைத்தான் முதலில் உடைக்கிறார்கள். அன்றிலிருந்து அவள் கேள்வியை மாற்றினாள். இது எப்படி ஓடுகிறது? ஒரு செய்தி இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்கு எந்த வழியாகப் போகிறது, வழியில் யாரெல்லாம் பார்க்கலாம், போனதற்கு எங்கே தடம் விழுகிறது? அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரெஞ்சுப் பாடங்களைப் படித்தாள். புரியாததை நோட்டில் அப்படியே எழுதிக்கொள்வாள். மூன்று மாதம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் பாதி புரிந்திருக்கும்.

அந்தக் காலத்தில் பாதிப் பக்கங்கள் திறக்காது. 404, அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வரும். முகம் தெரியாத அரசுத் தணிக்கைக்காரனுக்கு ஊர் வைத்த பெயர் அம்மார். "அம்மார் கத்தரி வச்சுட்டான் அக்கா," என்பான் பஷீர், சுற்றுவழியைக் காட்டிக்கொண்டே. சுவரைத் தாண்டத் தெரியாதவன் எதையும் படிக்க முடியாத நாட்டில், அவள் படித்த முதல் பாடமே சுவர் எங்கே நிற்கிறது என்பதுதான்.

பிறகு ஊரிலிருந்த லிபியா சந்தையில் இரண்டு பழைய கணினிகளை வாங்கி, பாதாம் உடைக்கிற மேசையில் வைத்தாள். ஒன்று வீடு, ஒன்று திருடன். திருடனில் உட்கார்ந்து வீட்டுக்குள் நுழையப் பார்ப்பாள். நுழைந்துவிட்டால் எழுந்து இந்தப் பக்கம் வந்து, நுழைந்த ஓட்டையை அடைப்பாள். அடைக்கத் தெரியும்வரை அடுத்த ஓட்டைக்குப் போவதில்லை. ஒரு ஓட்டைக்கு ஒரு நாளும் ஆகும். ஒரு மாதமும் ஆகும். வேறு யார் வீட்டுக் கதவிலும் கை வைக்கவில்லை.

"உன் வீட்டுக்குள்ள நீயே திருடப் போறியா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இதுக்குப் பேர்தான் படிப்பா? பாதாம் எல்லாம் ஈரமாகுது, எடுத்து வை."

ஒரு வருடத்துக்கு மேல் இப்படிப் போனது. சில காலைகளில் எழுந்ததும் வெறுப்பைத் தேடிப் பார்த்துக்கொள்வாள், சாவி இருக்கிறதா என்று இடுப்பைத் தொட்டுப் பார்ப்பது போல. இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள்.

2008 கடைசியில் ஒரு காலை. வீட்டுக் கணினியில் யார் எந்தக் கோப்பைத் தொட்டாலும் பதியும்படி செய்துவிட்டு, திருடன் கணினியிலிருந்து தன் பெயரிலேயே நுழைந்து ஒரு கோப்பைத் திறந்தாள். பிறகு பதிவைத் திரையில் வரவழைத்தாள். நாள், நேரம், கோப்பு, பெயர். அதற்கு அடுத்து இன்னொரு கட்டம். எந்த இயந்திரத்திலிருந்து.

நஸீஹா எழுந்துபோய் அலமாரியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து வந்தாள். சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எத்தனையோ முறை பார்த்த காகிதம். இடது ஓரத்தில் மூன்று விரல் இடம் வெறுமையாக இருந்தது. வலது ஓரத்தில் அரை விரல்கூட இல்லை. வலதுகோடியில் மேலிருந்து கீழாக மெல்லிய நிழல் ஒன்று ஓடியது. நேராகக்கூட ஓடவில்லை. மூலத்தைக் கத்தரித்துவிட்டு, மேலே வெள்ளைத்தாள் வைத்து நகல் எடுத்ததன் நிழல். தன் பெயர் யாருடைய அறையிலிருந்து உள்ளே போனது என்று சொல்லியிருக்கக்கூடிய கட்டத்தை ரவூஃப் வெட்டி எறிந்திருந்தான். டாக்டருக்கு அப்படி ஒரு கட்டம் உண்டென்றே தெரியாது. அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை.

"என்னடி, பேயைப் பாத்த மாதிரி நிக்கற?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லலம்மா," என்றாள் நஸீஹா. "கத்தரிக்கோல் சொல்லிருக்கு."

அன்று அவள் உடைத்த பாதாமில் பாதி பருப்போடு நொறுங்கிப்போனது. வியாபாரி திட்டினான்.

அடுத்த வாரம் பஷீர் தன் மடிக்கணினியோடு அவளை ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த காப்பிக் கடைக்குக் கூட்டிப்போனான். ஆஸ்பத்திரியின் வைஃபை அங்கே வரை எட்டியது. "பாஸ்வேர்டு என்ன தெரியுமா? போர்டில எழுதியிருக்கிற போன் நம்பர். எம்புட்டு பெரிய ஆளு உங்க ரவூஃப்! நான் ஏற்கெனவே உள்ள போயிட்டேன். இந்தாங்க அக்கா. ரெண்டே நிமிஷம். உங்க கட்டத்தை எடுத்துக்கிட்டு வந்துருங்க."

திரையை அவள் பக்கம் திருப்பினான். நஸீஹாவின் கை விசைப்பலகைக்கு மேலே போய் நின்றது. கண்ணாடிக்கு அப்பால் ரவூஃப் வாசலில் நின்று யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். கொஞ்சம் தொந்தி போட்டிருந்தது.

"மூடு," என்றாள்.

"என்னக்கா, பயமா?"

"ஆமா. இப்ப நான் உள்ள போனா நாளைக்கு அவன் கையில நெசமாவே ஒரு காகிதம் இருக்கும், என் பேரோட. அதை அவன் வெட்டவே வேணாம். மூடு பஷீர். உன் தடத்தையும் நெனச்சுப் பாரு, மடையா."

நல்லவளாக இருந்ததால் அவள் எழுந்து வந்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவன் தப்பித்துவிடக் கூடாது என்பதற்காக எழுந்து வந்தாள்.

வேறு வழி ஒன்று இருந்தது; நீண்ட வழி. இத்தகைய நிறுவனங்கள் தங்கள் கணினிகளைச் சான்று பெற்ற ஆட்களைக் கொண்டு பாதுகாப்புத் தணிக்கை செய்ய வேண்டும் என்று சட்டம் இருந்தது. அந்தச் சான்றுக்கு அவள் படிக்கத் தொடங்கினாள். தலைநகர் துனிஸுக்குப் பகிர்வு டாக்ஸியில் நான்கு மணி நேரம் நெருக்கிக்கொண்டு போய்த் தேர்வு எழுதினாள். முதல் முறை தோற்றாள். இரண்டாவது முறையும் தோற்றாள். இடையில், 2011 ஜனவரியில், மக்கள் கிளர்ந்து நாடே புரண்டது. அதிபர் ஓடினார், அம்மாரின் கத்தரியும் போனது, பஷீர் கடை வாசலில் கொடி கட்டினான். அந்த வசந்தத்தில் மூன்றாவது முறை எழுதித் தேறினாள்.

ஸ்ஃபாக்ஸில் சின்னத் தணிக்கை அலுவலகம் வைத்திருந்த ஸலாஹ் அவளை நேர்காணலுக்கு அழைத்தார். அறுபது வயது, வாயில் எப்போதும் அணைந்த சிகரெட்.

"எந்தக் காலேஜ்மா?"

"எங்க வீட்டுச் சமையக்கட்டு."

அவர் ஒரு வாடிக்கையாளரின் கெட்டுப்போன கணினியைக் காட்டினார். அதற்குள் யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள் என்று மத்தியானத்துக்குள் சொன்னாள். நாளைக்கே வரச் சொல்லிவிட்டார்.

2012 மே மாதம் ஆஸ்பத்திரியின் கோப்பு அந்த அலுவலக மேசைக்கு வந்தது. அட்டையின் மேல் பெயரைப் பார்த்ததும் நஸீஹா சந்தோஷத்தில் அதை விரலால் தடவினாள். மறைத்திருக்கலாம். ஸலாஹிடம் நேராகப் போய்ச் சொன்னாள்.

"இவங்கதான் என்னை வெளிய தள்ளினவங்க ஐயா."

ஸலாஹ் சிகரெட்டை எடுத்தார். "அப்ப நீ அந்த வாசல்லயே கால் வைக்கக் கூடாது. நம்ம ஆபீஸ் உன்ஸ் போவா. நீ தொட்டா அந்த ரிப்போர்ட்டே செல்லாது."

"தெரியும். கேள்விப் பட்டியல் வழக்கம்போல நான்தானே போடணும்?"

"பொதுக் கேள்விதானே, போடு. நான் பாத்துட்டுத்தான் கையெழுத்து."

பட்டியலில் எண்பது கேள்விகள். எல்லா நிறுவனத்திடமும் கேட்பதுதான். ஐம்பத்தேழாவது: பழைய சேமிப்பு வட்டுகளிலிருந்து ஏதேனும் ஒரு நாளை மீட்டு, அன்றைய பதிவை எல்லாக் கட்டங்களோடும் காட்டவும். எந்த நாள் என்பதைத் தணிக்கை அலுவலகம் சொல்லும். நஸீஹா நாளை எழுதினாள்: 2007 மார்ச் 9.

ஸலாஹ் அந்த வரியில் நின்றார். அவளை ஒரு பார்வை பார்த்தார்.

"அஞ்சு வருஷத்துக்கு முந்தின நாளா?"

"நோயாளிங்க கணக்கை அவங்க ரொம்ப நாள் வச்சிருக்கணுமே ஐயா. மீட்க முடியுதான்னு பாக்க வேணாமா?"

"அன்னைக்கு வெள்ளிக்கிழமை போல," என்று நாள்காட்டியைப் பார்த்தவர் போலச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. ரிப்போர்ட்ல இருக்கிறது ஒரு வார்த்தை உன் வாய் வழியா வெளிய போச்சுன்னா, உன் சான்றிதழை நானே கிழிச்சுப் போடுவேன்."

சர்வரில் இருந்த பழைய பதிவுகளை ரவூஃப் எப்போதோ துடைத்துவிட்டிருந்தான். ஆனால் மாதாந்திர வட்டுகள் பெரிய டாக்டரின் இரும்புப் பெட்டியில் இருந்தன. அந்தச் சாவியை அவர் யாரிடமும் கொடுத்ததில்லை. மீட்க முடியாது, வட்டு கெட்டிருக்கும், மென்பொருள் மாறிவிட்டது என்று ரவூஃப் இரண்டு நாள் இழுத்தான். இருபத்தைந்து வயது உன்ஸ் சூயிங்கம் மென்றபடி, "அப்ப மீட்க முடியலன்னு எழுதிக்கறேன், டாக்டர் அபராதம் கட்டட்டும்," என்றாளாம். டாக்டரே எழுந்து பெட்டியைத் திறந்தார்.

பதிவு திரைக்கு வந்தது. மதியம் ஒன்று பத்து. ஷெத்லியின் கோப்பு. நஸீஹா. இயந்திரம் பதினொன்று.

"பதினொண்ணு எந்த ரூம்?" என்று உன்ஸ் கேட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த கேள்விக்குப் போகிற அவசரம்.

பதினொன்று, ரவூஃபின் பூட்டிய அறைக்குள் அவன் மேசையில் இருந்த இயந்திரம். டாக்டர் எழுந்துபோய்ப் பழைய பணியாளர் கோப்பை எடுத்து, அதற்குள் இருந்த நான்கு கட்டக் காகிதத்தைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தார். இதையெல்லாம் பிறகு வழக்கில்தான் நஸீஹா முழுசாகக் கேட்டாள்.

மூன்றாம் நாள் டாக்டரே போன் செய்தார். "நஸீஹா, உன் பழைய இடம் காலியாத்தான் இருக்கு. சம்பளம் கூட்டித் தரேன். வீட்டுக்கு வந்து அம்மாகிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"வீட்டுக்கு வர வேணாம் டாக்டர். பலகை இருக்குல்ல? அதில போடுங்க. அதே அளவு எழுத்தில."

"யோசிச்சுப் பேசு, ஆஸ்பத்திரி பேரு..."

"என் பேரை நீங்க யோசிச்சா போட்டீங்க?"

போட்டார். ஒரு மாதம் அது பலகையில் இருந்தது. ரவூஃபை வேலையை விட்டு அனுப்பினார்கள். நஸீஹா அவன் மேல் வழக்குப் போட்டாள். அவளுடைய வழக்கறிஞர், ரகசியத்தை வெளியிட்ட குற்றத்துக்குக் காலம் கடந்துவிட்டதென்று அதை விட்டுவிட்டு, பொய்யாக்கிய காகிதத்தைச் சாட்சியமாகக் கொடுத்ததைப் பிடித்துக்கொண்டார். நீதிமன்றம் இரும்புப் பெட்டியின் வட்டை வரவழைத்தது.

விசாரணைக்கு முந்திய வெள்ளிக்கிழமை ரவூஃபின் அம்மா ஹஜ்ஜா மனூபியா ஒரு தட்டு பக்லாவா இனிப்போடு வந்தாள். வந்ததும் நஸீஹாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணே, அவனுக்கு ரெண்டு குழந்தைங்க. நீ புகாரைத் திரும்ப வாங்கிக்கோ. அல்லாஹ் உனக்கு ஒண்ணுக்குப் பத்தாத் தருவான்."

"எனக்கும் ரெண்டு குழந்தைங்க இருந்திருக்கும் ஹஜ்ஜா. இப்ப பள்ளிக்கூடம் போயிட்டிருப்பாங்க."

"அவன் செஞ்சது தப்புதான். புத்திகெட்டுச் செஞ்சுட்டான். மன்னிக்கறவங்கதான் பெரியவங்க, மா."

"அப்படியா? என் மோதிரத்தைக் கழட்டிட்டுப் போனப்போ யாரும் இங்க பக்லாவா எடுத்துட்டு வரலயே. அன்னைக்கு எங்க போச்சு இந்தத் தட்டு?"

கிழவி அழுதாள். நஸீஹாவின் அம்மாவும் கூடவே அழுதாள். நஸீஹா தட்டைத் துணியால் மூடி, வாசல்வரை கொண்டுபோய்க் கையில் கொடுத்து அனுப்பினாள். அந்த முதியவள் படி இறங்கும்போது விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டது மட்டும் உண்மை.

நீதிபதி பத்து மாதச் சிறை விதித்து, அதை நிறுத்தி வைத்தார். நஷ்டஈடு ஒரு தொகை. ரவூஃப் சிறைக்குப் போகவில்லை. தீர்ப்பு வாசித்து முடிந்ததும் நஸீஹா வழக்கறிஞர் பக்கம் திரும்பினாள். "இவ்வளவுதானா?" என்று அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "ஒரு ராத்திரி கூட உள்ள இருக்க மாட்டானா?"

"இது கிடைச்சதே பெரிசு, மேடம்."

தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு தெற்கே காபெஸ் ஊருக்குப் போனாள். ஷெத்லி அங்கே ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். முடி நரைத்து, ஆள் பாதியாகியிருந்தார். அவளை அடையாளம் தெரிந்ததும் கையிலிருந்த திருப்புளியை வைக்காமலே நின்றார். காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"உன்னை அஞ்சு வருஷம் சபிச்சேன்."

"தெரியும்."

"இனிமே அவனைச் சபிக்கணும். அம்புட்டுதான். பசங்க பந்து ஆடுற சத்தம் கேட்டாக் கடைய மூடிட்டுப் போயிடுவேன். அது இந்தக் காகிதத்தால மாறாது." பிறகு கொஞ்சம் தணிந்து, "உக்காரு. டீ சொல்றேன்," என்றார்.

இருவரும் டீ குடித்தார்கள்.

தௌஃபீக்குக்கு எப்போதோ கல்யாணம் ஆகிவிட்டது. நஸீஹா ஸலாஹின் அலுவலகத்திலேயே இருந்தாள். ஊரில் கணினித் தணிக்கை என்றால் அவள் பெயரைச் சொல்லும் அளவுக்கு வந்தாள். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் பதிவுகளைக் கேட்டு வாங்கி, கட்டங்களை விரலால் தொட்டு எண்ணுவாள்.

ரவூஃப் ஊரின் மறுகோடியில், மார்க்கெட் சந்தில் ஒரு பெட்டிக்கடை போட்டு செல்போன் பழுதுபார்த்தான். அது அவள் வழியில் இல்லை. ஆனாலும் வியாழக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய் அந்தச் சந்து வழியாக நடப்பாள். நிற்க மாட்டாள், பேச மாட்டாள். அவன் பூதக்கண்ணாடியிலிருந்து தலையைத் தூக்கி, அவளைப் பார்த்து, மறுபடி குனிவான். ஒருநாள் உன்ஸ் கூட வந்தாள்.

"இன்னும் எத்தனை நாளைக்கு அக்கா இப்படி?"

"அவன் குனியற வரைக்கும்."

"குனிஞ்சுட்டானே, பாத்தேனே."

"அப்ப அடுத்த வாரமும் குனிவானான்னு பாக்கணும்," என்றாள் நஸீஹா. போகிற வழியில் சூடாக இரண்டு மிளகாய் ரொட்டி வாங்கி, ஒன்றை உன்ஸிடம் கொடுத்தாள்.